மைல் சாமாவில் திருட்டு

சனிக்கிழமை, காலை பத்து மணி. நைரோபி ஈஸ்ட்லியில், ஹலீமாவின் துணிக்கடைப் பின்னறையிலிருந்து கவாட்டா போட்ட கூச்சல் தெருவரை கேட்டது.

"மைலெல்லாம் போச்சு! கணக்குல ஒண்ணுமே இல்ல!"

நான்கு வியாபாரிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சாமா, அதாவது சீட்டுக் குழு அது. பணத்துக்குப் பதில் மைல் சேர்த்தார்கள். குவாங்சோ, இஸ்தான்புல் என்று சரக்கெடுக்கப் பறக்கும்போது விமான நிறுவனம் பரிசாகத் தரும் மைல்கள் ஒரே கூட்டுக் கணக்கில் விழும். அதைக் கொடுத்து, ஆண்டுக்கு ஒருத்தி பிசினஸ் வகுப்பில் கால் நீட்டிப் படுத்தபடி பறப்பாள். இந்த ஆண்டு கவாட்டாவின் முறை. இன்னும் எட்டு மாதத்தில் லண்டனில் அவள் மகளுக்குக் கல்யாணம். அடுத்தது ஞோக்கியின் முறை. இருவரின் பங்கும் சேர்ந்திருந்த கணக்கு இப்போது காலி.

நபூலா எழுந்து கதவைச் சாத்தினாள். கம்பளி வியாபாரத்துக்கு வருமுன் அவள் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?"

"நம்ம நாலு பேருக்குத்தான்."

"ஹலீமா, போன வாரம் குவாங்சோவிலேருந்து எப்படி வந்த?"

"எப்படியா? ரெண்டு தடியனுங்களுக்கு நடுவுல நசுங்கி! முழங்காலைப் பாருக்கா, வீக்கம் இன்னும் வத்தல."

"ஞோக்கி?"

ஞோக்கி எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரத்தைத் தேநீரில் நனைத்தாள். "நான் எங்கக்கா போனேன்? கிகோம்பா சந்தையைத் தாண்டல."

"கவாட்டா, லண்டன் விமானத்தைக் கடைசியா எப்ப பார்த்த?"

"நேத்து. கல்யாண வாரத்துல மைலுக்குக் கிடைக்கிற இடம் ரெண்டே ரெண்டு இருந்துச்சு. சாமா கூடுற அன்னிக்குத்தானே டிக்கெட் எடுக்கிறது வழக்கம், அதான் விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் முட்டீசோவும் வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சேன். முதுகு போனதுலேருந்து அவரால உட்காரவே முடியல. அப்பா இல்லாம மகள் கல்யாணம்..."

நபூலா கைபேசியில் அதே வாரத்தைத் தேடினாள். இடம் ஒன்றுகூட இல்லை. அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"மைல் திருடன் நாளைக்குக் கிளம்புற விமானத்துலதான் ஏறுவான். உடையவன் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பறந்துடணுமே! இந்தத் திருடன் எட்டு மாசம் தள்ளி, அதுவும் கல்யாண வாரத்துல, ரெண்டு இடம் பிடிச்சிருக்கான். சரி, நஷ்டம் யாருக்கு? உங்க ரெண்டு பேருக்கு. ஒருத்தி கூரை இடியக் கத்துறா. இன்னொருத்தி நிதானமா மூணாவது மண்டாசி சாப்பிடுறா. ஞோக்கி, நீதான்!"

மண்டாசி தேநீருக்குள் விழுந்தது.

"டிக்கெட் எண் இன்னும் வரலையேக்கா! கூட்டாளி நிறுவனத்து விமானம் அது. மைலை உடனே பிடுங்கிக்குவாங்க, எண்ணை ஆடி அசைஞ்சுதான் அனுப்புவாங்க. அதுக்குள்ள சொல்லி, கடைசியில இல்லேன்னு ஆயிட்டா முட்டீசோ முகத்துல எப்படி முழிக்கிறது? படுத்துக்கிட்டே போனா அவர் போயிடலாமே!"

"உன் முறையையா எனக்குக் கொடுத்த?" கவாட்டாவின் குரல் உடைந்தது. மறுகணம் கையில் கிடைத்த துணிச்சுருளால் ஞோக்கியை மொத்தினாள். "பாவி! என்னைக் கத்தவிட்டு வேடிக்கை பார்த்தியா?"

"கொஞ்ச நேரம் கத்தினா செத்தா போயிடுவ?"

"சாமாவைக் கேக்காம எடுத்ததுக்குத் தண்டனை உண்டு," என்றாள் நபூலா. "என் முறை வரும்போது என் இடத்துல நீ பறக்கணும்."

ஞோக்கியின் கைபேசி அதிர்ந்தது. இரண்டு டிக்கெட் எண்கள்.

"முட்டீசோ விடுற குறட்டையில விமானம் பாதி வழியில திரும்பிடும்!" என்றாள் ஹலீமா.

கவாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்தாள். "என்னங்க, படுத்தே இருக்கீங்களா? அப்படியே படுத்திருங்க. கல்யாணத்துக்கு அப்படியேதான் போகப்போறீங்க!"