எட்டு மணிக்கு இறங்கிய விமானம்

“நாடாவைத் தள்ளும்மா, தூங்கிக்கினு இருக்கியா?” என்று கைலாசம் மகளைச் சீண்டினார். தறியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த வள்ளி சிரித்துக்கொண்டே புடவைக் கரைக்கு ஊடுநூல் கொண்டுபோகும் நாடாக் கட்டையைத் தள்ளினாள். பதிலுக்கு அவருடைய நாடா வரவில்லை. தறியின் மேலேயே சாய்ந்திருந்தார்.

மறுநாள் காலை, ஓய்வுபெற்ற ஏட்டு வீரபத்திரன் வீட்டுக்கு வள்ளி ஓடி வந்தாள்.

“ஐயா, அப்பா தறியில நீளவாக்குல கட்டியிருந்த பாவு நூல யாரோ அறுத்துட்டாங்க. நான்தான்னு சித்தப்பா சொல்றாரு. என்னை வாய்க்கரிசி போட விடமாட்டேங்கிறாரு. பன்னெண்டு மணிக்கு எடுத்துடுவாங்க.”

கால்டாக்சி ஓட்டும் நண்பர் ஜெபகுமாருடன் வீரபத்திரன் புறப்பட்டார். வாசல் பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் கைலாசம் கிடந்தார். சித்தப்பா கலியாணசுந்தரம் எழுந்து வந்தார்.

“உமாபதி கல்யாணத்துக்குன்னு அண்ணன் நெய்ஞ்ச புடவைங்க அது. லண்டன்ல இருக்கிற தம்பி மேல இவளுக்கு எப்பவும் எரிச்சல்தான்.”

வீரபத்திரன் தறியைக் குனிந்து பார்த்தார். புடவையின் உடல் பகுதி அப்படியே இருந்தது. வலப்பக்கக் கரையின் இழைகள் மட்டும் ஒரே வெட்டில் அறுந்து தொங்கின. பின்கதவுக்குக் கொக்கிதான், வெளியிலிருந்தே தூக்கிவிடலாம்.

அரைமணி முன்பு வந்து சேர்ந்த உமாபதி சுவரோரம் நின்றிருந்தான்.

“எப்பப்பா கிளம்பின?”

“அக்கா போன் பண்ணதும் டிக்கெட் போட்டேன் சார். நேத்து ராத்திரி பத்து மணிக்கு லண்டன்ல ஃபிளைட். காலைல எட்டுக்குச் சென்னை. பத்தரைக்கு இங்க வந்துட்டேன்.”

ஜெபகுமார் ஃபோனைத் தட்டினார். “எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பத்து மணி நேரம். கரெக்டா இருக்குதுண்ணா. இவர விட்டுடலாம்.”

“அவ்ளோ கரெக்டா இருக்கிறதுதான் தப்பு, ஜெபா. அங்க ராத்திரி பத்துன்னா இங்க விடியக்காலை மூணரை. பத்து மணி நேரம் பறந்தா, இங்க மத்தியானம் ஒண்ணரை. இப்ப மணி பதினொண்ணு. தம்பி சொல்ற பிளேன் இன்னும் வானத்துல இருக்குது. நெஜமா வந்தவன் இறங்கினதும் கடிகாரத்தத் திருப்பியிருப்பான். இவரு ஒக்காந்த இடத்துலயே கூட்டிப் போட்டிருக்காரு.”

“அதுக்குன்னு தறிய அறுத்தது அவன்னு ஆயிடுமா?” என்றார் கலியாணசுந்தரம்.

“புடவை மேல பொறாமைன்னா நடுவுல அறுத்திருப்பாங்க. அறுபட்டது வலது கரை மட்டும். அந்தக் கரைக்கு நாடா தள்றது வள்ளி. அவளுக்கு முன்னாடி அந்த எடத்துல ஒக்காந்தது யாருங்க?”

கலியாணசுந்தரம் உமாபதியைப் பார்த்தார்.

“முந்தாநாளே வந்துட்டேன்,” என்றான் அவன். “சொல்லாம வந்து நிக்கலாம்னு. ஜன்னல்ல பார்த்தா, அப்பா அவளக் கேலி பண்ணிச் சிரிச்சுக்கினு இருக்காரு. நான் அங்க ஒக்காந்த காலத்துல ஒரு நாள்கூடச் சிரிச்சதில்ல. லாட்ஜுக்குப் போயிட்டேன். நேத்து காலைல போன் வந்துச்சு. எந்த மூஞ்சியோட வர்றது? இன்னிக்கு விடியக்காலை பின்பக்கமா வந்தேன். அப்பாவப் பார்க்கத்தான் வந்தேன். அந்த எடம் கண்ல பட்டுச்சு.”

“சிரிச்சாரா?” வள்ளி தம்பி பக்கம் திரும்பினாள். “சட்டையே போடாத மனுஷன். உன் வீடியோ கால் வந்தா தலைய வாரிக்கினு நீலச் சட்டைய மாட்டிக்குவாரு. நான் பக்கத்துல ஒக்காந்து பார்த்துக்கினு இருப்பேன். எனக்கு மட்டும் எரியாதா?”

கலியாணசுந்தரம் அரிசித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். வள்ளி வாய்க்கரிசி போட்டாள். தட்டைத் தம்பியின் கையில் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தறிக்குப் பக்கத்து ஆணியில் அந்த நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது, உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில்.