கொங்காவின் அய்யா

உள்ளறையில் வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்டது. சின்ன மர உரலில் டொக், டொக் என்று அவசரமில்லாத இடி, பல்லில்லாத கிழவர்களுக்கு இடிக்கிற இடி. உம்பு லாபு ஏணிப்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். அந்த வீட்டில் வெற்றிலை இடிப்பவள் கொங்கா ஒருத்திதான். அவளோ முற்றத்தில், அவன் கண்ணெதிரே, குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். இந்த வீட்டு எலிகளுக்கு வெற்றிலைப் பழக்கம் வந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை.

அவனுக்கு அந்த வீட்டைக் கண்டாலே இளப்பம். தொப்பிமேல் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு கூரை. அதன் உச்சியில் முன்னோர்கள் குடியிருக்கிறார்களாம். மூங்கில் தரைக்குக் கீழே பன்றிகள் குடியிருந்தன. இரண்டுக்கும் நடுவில், ஜன்னல் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல், சும்பாத் தீவின் உயர்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புகையில் வெந்துகொண்டிருந்தார்கள். லாபு தப்பித்துக் கடல் தாண்டி குபாங் நகரத்துக்குப் போய், சிமெண்ட் கடை வைத்து, ஏ.சி. போட்ட வீட்டில் மனிதனாக வாழ்ந்துகொண்டிருந்தான்.

அவனை இழுத்துப் பிடித்திருந்தது உள்ளறையிலிருந்த அப்பா மட்டும்தான். முழங்கால் நெஞ்சில் முட்ட மடக்கி உட்காரவைத்து, துணிமேல் துணியாகச் சுற்றி, இப்போது அவர் ஒரு பெரிய மூட்டை. கல்லறைக்குக் கல் இழுத்து வர ஆளும் எருமையும் சேரும்வரை அவர் தூங்குவதாக ஏற்பாடு. தூங்குகிறார் என்றுதான் சொல்ல வேண்டும், செத்தார் என்ற சொல் அந்தக் கூரைக்குக் கீழே கூடாது. வருஷங்கள் போயின, கல் வரவில்லை. லாபு பொறுமை இழந்து, கடையில் விற்காமல் கிடந்த குளியலறை ஓடுகளையும் நாலைந்து மூட்டை சிமெண்டையும் கப்பலில் அனுப்பிவைத்தான். முற்றத்தில், பாட்டன் பூட்டன்களின் கருங்கல் சமாதிகளுக்கு நடுவே, நீலமும் வெள்ளையுமாக ஒன்று எழும்பியது. ஊரார் பார்த்து வாயடைத்துப் போனார்கள். ரசிக்கத் தெரியாதவர்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். நாளை காலை அடக்கம். அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை.

மூட்டையைத் தனியாக விடக்கூடாது என்பதால் கொங்கா இத்தனை வருஷமும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு வைத்த சோற்றை அவள் தின்றால் அவர் தின்றது போல. நாளைக்கு அவருடைய தலைப்பாகையையும் நகைகளையும் அணிந்து, அவருக்காகக் கல்லறைவரை நடப்பதும் அவள்தான். அங்கே நினைவு தப்பி விழுவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவார்கள். எழுந்தால் அவள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

அவள் பரம்பரை அடிமை. பெரிய குடும்பத்து ஆண்களின் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று, அவர்களது அடிமையின் பேரை வைத்தே ஊர் அவர்களைக் கூப்பிடும். அப்பா கொங்காவின் அய்யாவாக இருந்தார். அவர் தூங்கிய பிறகு கொங்கா மகனுக்கு வந்தாள், கூடவே அந்தப் பேரும் வந்தது. ஊர்க்காரன் எவனாவது குபாங் கடை வாசலில் நின்று "கொங்காவின் அய்யா இருக்காரா?" என்று கேட்டால், லாபுவுக்குக் காதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளறைக்கு வெளியே, கொங்கா திரும்பும்வரை காவலாக, தங்கை யோவா சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள். கொங்காவும் படியேறி வந்துவிட்டாள்.

"நாளைக்கு இவ நடக்க வேண்டாம்," என்றான் லாபு. "பாதிரியார் வர்றாரு, ஜெபம் பண்ணுவாரு, மூடியப் போடுவோம். செத்தவனுக்கு நடை எதுக்கு?"

யோவா பதறி உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கொங்கா மெல்ல, "அப்ப அய்யா எப்படிப் போவாரு?" என்று கேட்டாள்.

"அவர் பேரச் சொல்லி நீ தின்ன சோறு போதும். கிளம்பு. எங்கப்பா பக்கத்துல நானே உக்காருறேன்."

உட்காருகிறவர்தான் சாப்பிட வேண்டும் என்று யோவா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவனுக்கும் பசிதான். தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

கொங்கா வாசற்படியில் நின்று திரும்பினாள். "சாப்பிடறதுக்கு முன்னாடி உங்க சொந்தப் பேரச் சொல்லிடுங்க அய்யா. வெளிய உங்க ரெண்டு பேரையும் என் பேராலதான் கூப்பிடுறாங்க. சொன்னாத்தான் உள்ள யாரு யாருன்னு அவருக்குத் தெரியும். நான் தினமும் என் பேரச் சொல்லிட்டுத்தான் வாயில வைப்பேன்."

"எங்கப்பனுக்கு என்னை யாருன்னு சொல்லணுமாக்கும். அதை நீ சொல்லித்தரணுமாக்கும். போடி."

அவள் போனாள். வந்திறங்கும் விருந்தாளிகளைக் கவனிக்க யோவாவும் போனாள்.

உள்ளறையில் மதிய வெயில் மூங்கில் இடுக்குகளின் வழியே கோடு கோடாக விழுந்தது. அவுரிச் சாயமும் பழைய புகையும் சுண்ணாம்பும் கலந்த வாசனைக்கு அடியில், கனிந்து கெட்ட பலாவைப் போல ஒரு தித்திப்பு இருந்தது. கீழே பன்றிகள் உறுமிக்கொண்டே இடம் மாறிப் படுத்தன. லாபு மூட்டைக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தான். முதல் கவளத்தைத் தூக்கிக் காட்டி, "என்னப்பா, ருசியா இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். பேரைச் சொல்லவில்லை. கோழித் துண்டைக்கூட விடாமல் தட்டை வழித்துத் தின்றான்.

தின்று முடித்ததும் பசி அதிகமானது.

முதலில் அது அவனுக்கு வேடிக்கையாகத்தான் பட்டது. வயிறு நிறைந்திருந்தது, பசி மட்டும் வேறெங்கோ இருந்தது, பல வருஷம் பழையதாக. வெயில் கோடுகள் தரையில் ஊர்ந்து, மூட்டையின் மேல் ஏறி, செம்பழுப்புத் துணியில் நெய்திருந்த குதிரைகளையும் மண்டையோடுகள் தொங்கும் மரத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு மங்கின. உரல் மூட்டையின் அடியில் கிடந்தது. அதன் உட்புறம் ஈரமாக, சிவப்பாக இருந்தது. காலையில் கொங்கா இடித்ததாக இருக்கும். காலையில் இடித்தது இந்த வெக்கையில் காயாமலா இருக்கும்? எலி என்று மறுபடி நினைக்கப் பார்த்தான். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

வாய் காரமாக இருந்தது. சுண்ணாம்பின் காரம். அவன் வெற்றிலையே போடுவதில்லை, அது பட்டிக்காட்டான் பழக்கம். நாக்கால் பற்களைத் துழாவினான். மேல்வரிசையில் ஓரிடம் பல்லில்லாமல் மெத்தென்றிருந்தது. பக்கத்திலும் மெத்தென்றிருந்தது.

வெளியே போய் வாய் கொப்பளிக்கலாம் என்று எழப் பார்த்தான். கால் நீளவில்லை. எப்போது மடக்கினோம் என்று தெரியவில்லை, முழங்கால்கள் நெஞ்சருகே வந்திருந்தன. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். இறங்கவில்லை. உட்கார்ந்தே மரத்துப்போயிருக்கும். அவ்வளவுதான். யோவாவைக் கூப்பிட்டால் போதும். வாயைத் திறந்தான். சிவப்பாக எச்சில் ஒழுகியது.

டொக்.

உரலைப் பார்த்தான். அது மூட்டையின் அடியில் இல்லை.

அவன் கையில் இருந்தது.

வெளியே பொழுது சாயச் சாய வெண்கலச் சேகண்டிகள் முழங்கத் தொடங்கின. முழங்கால்கள் நெஞ்சில் முட்டின. என் பேர். சொல்லிவிட வேண்டும். இப்போதாவது. என் பேர் என்ன? கொங்காவின் அய்யா. அதுவல்ல. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. கடைப் பலகையில் எழுதியிருக்கும். கொங்காவின் அய்யா. அதுவல்ல, அதுவல்ல.

யோவா விளக்கோடு வந்தாள். பின்னால் பெண்கள் கடைசித் துணியை விரித்துப் பிடித்து வந்தார்கள். அவள் நேராக அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"அப்பா, காப்பி குடிங்க. காலையில கிளம்பணும்ல."

யோவா, நான். நான்.

அவளுக்குப் பின்னால், மூட்டை இருந்த இடத்தில், ஒருவன் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தான். லாபுவின் நீலச் சட்டை. லாபுவின் கைக்கடிகாரம். முழங்கால்களை ஆசையோடு தடவிவிட்டுக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் சுத்துங்க," என்றான் அவன். "செத்தவன்கிட்ட என்ன பேச்சு?"

யோவா முகம் சுளித்தாள். ஆனால் அண்ணன் பேச்சு என்றைக்கும் அப்படித்தானே.

"அப்புறம், நான் கோவத்துல சொன்னத விடு. நாளைக்குக் கொங்காவே நடக்கட்டும்."

யோவாவின் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் மனசு மாறியதற்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கொங்கா கதவோரம் வந்து நின்றிருந்தாள். சட்டைக்காரனை அவள் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தாள், வெகுநேரம். பிறகு கிட்டே வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்:

"பேரச் சொன்னீங்களா அய்யா?"

அவன் தலையை ஆட்டப் பார்த்தான். கழுத்து அசையவில்லை. கொங்கா அவன் கடைவாயில் ஒழுகியதைத் தன் துணி முனையால் துடைத்தாள். உரல் நழுவாதபடி அவன் விரல்களை அதைச் சுற்றி மடித்து, மடியில் சரியாக வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

துணி முகத்தின்மேல் விழுந்தது. பின்தலையில் யோவாவின் விரல்கள் முடிச்சை இழுத்துக் கட்டின. வெளியே யாரோ விருந்தாளி, "கொங்காவின் அய்யா எங்க?" என்று கேட்டான். "இதோ வந்துட்டேன்," என்று சொல்லி ஒருவன் எழுந்து நடந்து போனான். மூங்கில் தரை அவன் காலடியில் கிறீச்சிட்டது.

துணிக்குள்ளே, இருட்டில், டொக். டொக்.