தட்டுகளுக்கு நடுவே

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆராய்ச்சிக் குழுவுக்குக் கிடைத்த ஷெட், முன்பு தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பாக இருந்தது. மெஷின்களைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் எண்ணெய் நாற்றத்தை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் லைட் போடாமல் உள்ளே கால் வைக்க முடியாது.

வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. கூரையையும் நம் உடம்பையும் துளைத்துக்கொண்டு அவை பாட்டுக்குப் போகும். அவற்றைப் பிடிக்கத்தான் ஆள் உயரத்துக்குக் கண்ணாடித் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தோம். வந்து விழுவதில் எது நிஜம், எது வெறும் இரைச்சல் என்று கண் இமைப்பதற்குள் பிரிக்கும் பெட்டிக்கு ட்ரிகர் என்று பெயர். அதை ஓட வைப்பது என் வேலை. ட்ரிகர் தள்ளிவிட்டால் போனது போனதுதான். பிரம்மாவே வந்தாலும் மீட்க முடியாது.

கேபிள் வேலைக்குப் பட்டாபிராமிலிருந்து தமிழரசு வருவான். அவன் பெண் குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. அந்த வீடியோவைக் காட்டாமல் அவன் ஒரு டீ கூடக் குடித்ததில்லை.

ஓட்டிப் பார்க்க ஆரம்பித்ததுமே கம்ப்யூட்டர் திரையில் ஒரு கறை விழுந்தது. தட்டுகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் துகள்கள் இறங்கவில்லை. போகப் போகக் கறை தெளிந்தது. தலை தெரிந்தது, தோள் தெரிந்தது, மடக்கிய முழங்கால் தெரிந்தது.

யாரோ மல்லாந்து படுத்திருந்தார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். காலி. மனித உடம்பு இந்தத் துகள்களைத் தடுக்காது என்று எனக்குத் தெரியும். உடனே டெல்லிக்குப் போன் போட்டேன்.

அங்கே உட்கார்ந்து அதே திரையைப் பார்க்கும் எங்கள் தலைவர் ஸ்ரீகாந்த் சார் அலட்டிக்கொள்ளவில்லை. தொல்லை கொடுக்கும் இடத்துக்கு மாஸ்க் போடுவது, அதாவது அங்கே நடப்பதைப் பார்க்காதே என்று ட்ரிகருக்குச் சொல்லிவிடுவது, எங்கள் தொழிலில் அன்றாட வழக்கம். போடச் சொன்னார், போட்டேன். திரை சுத்தமானது.

தமிழரசுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"மூடிட்டா பூடுமாக்கா? முன்ன அது எங்க கீதுன்னாச்சும் தெர்ஞ்சிது."

மறுநாள் அதே இடத்தில்தான் ஒரு கேபிள் கழன்றது. கரண்டை நிறுத்திவிட்டு, டார்ச்சோடு அவன் தட்டுகளுக்கு அடியில் தவழ்ந்து போனான். வெளிச்சம் கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றது.

"அக்கா," என்று உள்ளிருந்து மெல்லக் கூப்பிட்டான். "யாரோ மூச்சு உட்றாங்க."

வெளியே வா என்று கத்தினேன். எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

டார்ச் அணைந்தது.

அப்புறம் அவன் நிதானமாக வெளியே வந்தான். சட்டையில் தூசி இல்லை. கையில் டார்ச் இல்லை.

"வேலை முடிந்துவிட்டது," என்றான்.

தமிழரசு ஜென்மத்தில் அப்படிப் பேசியதில்லை. டீக்கும் நிற்காமல் வீட்டைப் பார்த்து நடந்தான். நான் கரண்டைப் போட்டு, மாஸ்கை எடுத்தேன்.

மல்லாந்து கிடந்த உருவம் திரையில் இல்லை.

அந்த இடத்தில் வேறொரு நிழல் குப்புறக் கிடந்தது. கையில் டார்ச்.

ஆள் வைத்துத் தட்டுத் தட்டாகக் கழற்றினேன். ஒன்றுமில்லை. திரும்ப அடுக்கினால் நிழல் அங்கேயே கிடந்தது, வெளியே வர ஒரு கையை நீட்டியபடி. பைத்தியக்காரி மாதிரி தட்டுகளில் வாயை வைத்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவன் மனைவி அஞ்சலை போன் செய்தாள். "அவரு பேச்சே மாறிப்பூச்சுக்கா. 'உணவு கொடு'ன்றாரு. கொயந்த அவரப் பாத்தாலே வீல்னு கத்துது."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போ என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

மறுபடி மாஸ்க் போடு என்றார் ஸ்ரீகாந்த் சார். உள்ளே ஆள் இருக்கிறான் சார் என்று அழுதேன். லீவு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, டெல்லியிலிருந்தே அவராகப் போட ஆரம்பித்தார். நான் என்ன அழுத்தியும் நிற்கவில்லை. கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, தலை மறைந்தது. நீட்டிய கை கடைசியாகப் போனது.

திங்கட்கிழமை காலை அஞ்சலையே கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை.

"தப்பா நெனச்சிட்டேன்க்கா. நேத்து கொயந்தய உங்க ஷெட்டாண்ட இட்டுகினு போய் சுத்திக் காட்னாராம். வந்ததுலேந்து அவரு மார்மேலயே கீது. அழுவறதே இல்ல."

திரையில், மாஸ்க் போடாத மூலையில், சின்னதாக ஒரு நிழல் தவழ்ந்துகொண்டிருந்தது.

அடுத்த லைனில் ஸ்ரீகாந்த் சார் வந்தார். மூலையில் ஏதோ துளி இரைச்சல் தெரிகிறதே, அதையும் மூடிவிடுகிறேன் என்றார்.