இருபத்தேழாம் மாடியின் நாடித்துடிப்பு

அந்தக் கட்டடத்தில் செங்கல் இல்லை, பூச்சு இல்லை, கொத்தனார் கைபட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ராட்சத இயந்திரம் ஒன்று கலவையை வரிவரியாகப் பிழிந்து நாற்பது மாடிகளையும் எழுப்பியிருந்தது. வெயில் ஏறினால் கண்ணாடி தானாகக் கறுக்கும். லிஃப்ட் மேலும் கீழும் போவது போதாதென்று பக்கவாட்டிலும் ஓடும். இவ்வளவு சாமர்த்தியமான கட்டடத்துக்கு மறுநாள் திறப்பு விழா.

அங்கே அவளுடைய வேலை ஆட்களை எண்ணுவது. ஒவ்வொரு மாடியிலும் பதித்திருந்த சென்சார், சுவருக்கு அப்பால் இருப்பவரின் மூச்சையும் நாடியையும்கூடப் பிடித்துவிடும். தீப்பிடித்தால் எந்த மூலையில் எத்தனை உயிர் என்று மீட்க வருபவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? வேலையாட்கள் அவளைச் சென்சார்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையெழுத்துப் போடாமல் கட்டடம் திறக்காது. தலைமைப் பொறியாளர் அவளுடைய அக்காவின் கணவர். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே.

பட்டப்பகலில், இருபத்தேழாம் மாடியில் அவள் தனியாக நின்றிருந்தாள். சென்சாரின் எண் பலகையில் ஆட்கள் இரண்டு என்று வந்தது.

சென்சாரைத் திட்டிக்கொண்டே அணைத்துப் போட்டாள். மறுபடியும் இரண்டு. ஒன்று அவள். இன்னொன்று எட்டடி தள்ளி, குழாய்கள் போகும் இடுக்கை மூடிய சுவருக்குள். நாடி எழுபத்திரண்டு.

சுவரை நெருங்கினாள். பிழிந்து பதினோரு மாதமான சுவர். அதிலிருந்து ஈரக் கலவையின் வாடை வந்தது.

அத்தானுக்குப் போன் செய்தாள். தானே மேலே வருவதாகச் சொன்னார். லிஃப்ட் கிளம்பும் ஓசை கேட்டது. பலகையில் எண்பது. தொண்ணூற்றைந்து. லிஃப்ட் கதவு திறந்தபோது நூற்றிருபது.

அத்தான் பலகையைப் பார்த்துச் சிரித்தார். குழாயில் வெந்நீர் ஓடினால் இப்படித்தான் குழம்பும், அந்தச் சென்சாரை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கையெழுத்தைப் போடு என்றார். பேசிக்கொண்டே சுவரில் ஒரு கையை ஊன்றினார்.

நூற்று அறுபது.

ஒரு போன் வந்து அவர் நடைக்கூடத்தின் கோடிக்குப் போனார். எண் மளமளவென்று இறங்கியது. திரும்பி வந்தார். ஏறியது.

குழாய்க்கு ஆளைப் பார்த்துப் பயப்படத் தெரியாது.

அவள் கைக்கணினியில் அந்தச் சுவரைப் பிழிந்த நாளின் பதிவைத் திறந்தாள். தேதியைப் பார்த்ததும் கை நின்றது. அவளுடைய தம்பி காணாமல் போன நாள் அது.

இதே கட்டடத்தில் குழாய் பொருத்தியவன் தம்பி. எவளோடோ ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று அன்று அத்தான்தான் வந்து சொன்னார். தம்பியின் போனிலிருந்து, தேடாதீர்கள் என்று ஒரு செய்தியும் வந்தது. அப்பா அவன் படத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். இனி எனக்குத் தம்பியே இல்லை என்று இவளும் சொன்னாள். சொன்னபடி ஒருநாள்கூடத் தேடவில்லை.

பதிவில் எல்லாம் இருந்தது. பிழியும் இயந்திரத்திலும் இதே சென்சார் உண்டு. உள்ளே ஆள் இருந்தால் நின்றுவிடும். அன்று மூன்று முறை நின்றிருக்கிறது. காரணம்: உள்ளே ஒரு ஆள்.

"அத்தான், உள்ள இருக்கிறது யாரு?"

அவர் நெற்றியைத் துடைத்தார்.

"தம்பியா?"

"நான் கலவையில கலப்படம் பண்றேன்னு நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கப் போறதா நின்னான்மா. வாய்த்தகராறுதான். பிடிச்சுத் தள்ளினேன், இடுக்குக்குள்ள விழுந்துட்டான். அசைவே இல்ல. போயிட்டான்னுதான் நினைச்சேன்."

"செத்தவனை மெஷின் எண்ணாது. மூணு தடவை எண்ணியிருக்கு."

அவர் முகம் மாறியது. கெஞ்சல் போய் வேறொன்று வந்தது.

"நின்ன மெஷினை மூணு தடவையும் ஓட விட்டது யாருன்னு பதிவுல கீழ பாரு."

பார்த்தாள். அவளுடைய பணியாளர் எண்.

நினைவு வந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் இருந்தாள். அத்தான் போனில், புதுக் கலவையின் சூட்டை ஆள் என்று எண்ணி மெஷின் நிற்கிறது, விடுவித்துவிடும்மா என்றார். வாரத்துக்கு இரண்டு முறை அப்படி நடப்பதுதான். விதிப்படி அவள் மாடிக்குப் போய், டார்ச் அடித்து உள்ளே பார்த்து, குரல் கொடுத்த பிறகே விடுவிக்க வேண்டும். கேட்டவர் அத்தான் என்பதால் அவள் போகவில்லை. எச்சில் கையைத் துடைத்துவிட்டு, கைக்கணினியில் மூன்று முறை அழுத்தினாள். பெற்ற பிள்ளைபோல் அவளைப் பார்த்துக்கொண்ட மனுஷன், அவள் விரலை வைத்தே அவள் தம்பியைப் புதைத்திருந்தார்.

"சொன்னா நீயும்தான் உள்ள போவ. அக்காவை நினைச்சுப் பாரு," என்றார் அத்தான்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, திறக்கக் கூடாது, சுவரை உடைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டு, பதிவையும் சேர்த்து நகராட்சிக்கும் காவல்நிலையத்துக்கும் அனுப்பினாள். அத்தான் ஓட்டமும் நடையுமாக லிஃப்டுக்குப் போனார். லிஃப்ட் இறங்க இறங்க, சுவருக்குள் இருந்த நாடியும் இறங்கியது. நூறு. எண்பது. எழுபத்திரண்டு.

அவளுக்கு அழுகை பீறிட்டது. சுவரோரம் உட்கார்ந்தாள்.

"தம்பி, அக்காடா. அவர் போயிட்டாரு. நான் இருக்கேன்."

எழுபத்திரண்டிலேயே நின்றது. அவளுக்குச் சற்று தைரியம் வந்தது. மறைக்க மனம் வரவில்லை.

"அன்னைக்கு பட்டனை அழுத்தினது நான்தான்டா. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

சுவரில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம் ஒட்டியது.

தொண்ணூறு.

மாடியில் வேறு யாரும் இல்லை. லிஃப்ட் கீழேயே நின்றிருந்தது.

நூற்றிருபது.

அவள் கையை எடுத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்தாள். எண் கொஞ்சம் இறங்கியது.