வர்ஜினியாவிலிருந்து வந்தவள்

மேப்பிள் பாகுக் குவளைக்கு லொவீனா கை நீட்டுவதற்குள், கெசையா அதை எடுத்துப் போதகரின் சோளக்கூழில் ஊற்றிவிட்டாள். அவரும் அதைச் சாப்பிட்டார். இத்தனை வருஷமாக அது மனைவி லொவீனாவின் கை செய்த வேலை.

போதகர் அசேல் தர்லோ அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வெர்மான்ட் பட்டாளத்தோடு போனவர். ஒரே மகன் ஈதனும் அதே பட்டாளத்தில் சிப்பாய். அவனை வர்ஜினியாவில் புதைத்துவிட்டு, போன மாதம் காய்ச்சலில் எலும்பும் தோலுமாகத் திரும்பியவர், கூடவே கெசையாவையும் கூட்டிவந்தார். "போர்ல வீடு எரிஞ்சுபோன விதவை. இங்கதான் இருப்பா" என்றதோடு சரி. ஆனால் வேலியோரம் அவளோடு மட்டும் தணிந்த குரலில் பேசுவார். லொவீனா வந்தால் பேச்சு நின்றுவிடும்.

நாத்தனார் ட்ருசில்லா ரொட்டியைப் பிட்டபடி சொன்னாள்: "உங்களுக்கு வேலை மிச்சம் அண்ணி. அண்ணனுக்கு என்ன பிடிக்கும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு."

லொவீனா கணவரின் பக்கம் திரும்பினாள்.

"இவ யாருங்க உங்களுக்கு? கோயில்ல எல்லாரும் என்னைப் பாத்துப் பரிதாபப்படறாங்க. பெத்த பிள்ளையைப் போருக்குக் குடுத்தேன்... புருஷனையும் பங்கு போட்டுக்கணுமா?"

அசேல் தலையைக் குனிந்துகொண்டார். கெசையா ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள்.

"நான் போயிடறேன் ஐயா. ஆனா இவங்ககிட்ட மறைச்சது போதும்."

"வேண்டாம் கெசையா..."

"ஐயா எழுதின மாதிரி உங்க பையன் தூக்கத்துல போகலைக்கா. குண்டடி பட்டு என் வீட்டுத் தரையில கிடந்தான். கண்ணு தெரியலை. 'அம்மா, அம்மா'ன்னு ஒரே புலம்பல். ஐயா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான்தான்டா, அப்பா'ன்னு எவ்வளவோ சொன்னாரு. அவன் காதுல ஏறலை. கடைசியில நான்தான் தலையை மடியில வச்சுக்கிட்டு, 'அம்மா வந்துட்டேன் கண்ணு'ன்னேன். அப்புறம்தான் அடங்கினான்."

"உன்கிட்ட எப்படிச் சொல்வேன் லொவீனா?" போதகர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உன்னைக் கூப்பிட்டான். இன்னொருத்தி பதில் சொன்னா. அவனோட கடைசி நேரத்தைப் பத்திப் பேச எனக்கு இவளை விட்டா வேற ஆள் இல்ல."

அதுவரை கணவனுக்காக எரிந்த நெருப்பு இப்போது இரண்டு மடங்காக மூண்டது. என் பிள்ளையின் கடைசி மூச்சு இவள் மடியிலா?

"அவனை எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டியே..."

"ஆமாக்கா. எனக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் ஒரு மகன் இருந்தான். என்னை மன்னிச்சிடுங்க."

கெசையா வாசல் பக்கம் நடந்தாள். இவள் மட்டும் அன்று இல்லாதிருந்தால்? ஈதன் பதிலே கிடைக்காமல் தரையில் கூப்பிட்டுக்கொண்டே கிடப்பது போல ஒரு கணம் லொவீனாவின் கண்ணில் தெரிந்தது. எழுந்து ஓடி கெசையாவின் கையைப் பிடித்தாள்.

"எங்கடி போவ? உக்காரு. தலையை எப்படி வச்சிருந்தான், எனக்குக் காட்டு."

கெசையா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். லொவீனா அவள் மடியில் முகம் புதைத்து, செய்தி வந்த நாளிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதாள். பிறகு முகத்தைத் தூக்காமலே கணவரை அழைத்தாள்.

"நீங்களும் வாங்க. இனிமே அவனைப் பத்திப் பேசணும்னா மூணு பேருமாப் பேசலாம்."