கடைசி விலை யூனிட்

எர்மேலோவில் ஜூன்தான் நடுக்குளிர்காலம்; குளிர் எலும்பு வரை இறங்கும். அப்படியொரு மாலையில்தான் மாண்ட்லா மபூசாவின் பின்னறைக்கு வாடகைக்கு வந்தேன். சுவரெல்லாம் ஈரம். மண்ணெண்ணெய் வாடை.

மாண்ட்லாவைப் போல ஒரு அற்பனை நான் பார்த்ததில்லை. வணக்கம் சொல்வதற்கு முன்பே மீட்டரைப் பற்றித்தான் பேசினான்.

“சிஸி,” என்று தங்கை முறை வைத்தான். “மீட்டர் என் வீட்டுக்குள்ள இருக்கு. முதல்ல காசு, அப்புறம்தான் கரண்ட். தீர்ந்தா சுவிட்சை இறக்கிடுவேன்.”

ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலையைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது.

“மாசத் தொடக்கத்துல வாங்குற யூனிட் மலிவு, பூட்டி,” என்று நானும் அண்ணன் முறை வைத்தேன். “ வாங்க வாங்கத்தான் விலை ஏறும். நீ சொல்றது உச்சி விலையாச்சே?”

“மலிவு யூனிட்டெல்லாம் என் கீசருக்கு. கடைசியா வந்தவளுக்குக் கடைசி விலை.” பல்லைக் காட்டினான். “முன்னாடி அந்த ரூம்ல இருந்த நோமாலங்காவும் இப்படித்தான் நியாயம் பேசினா. ஏழைங்களுக்கு நகராட்சி தர்ற இலவச யூனிட் அவ பேர்ல இந்த மீட்டருக்கு வந்துச்சு. அதைக் குடுன்னு அழுதா.”

“குடுத்தியா?”

“குளிர்ல செத்துட்டா. குளிருக்கு நானா பொறுப்பு? யூனிட் இன்னும் வருது. செத்தவளுக்கு எதுக்குக் கரண்ட்?”

காறித் துப்பத் தோன்றியது. வேறு போக்கிடம் இல்லை. பணத்தைக் கொடுத்தேன்.

இருட்டியதும் விளக்கு அணைந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவன் வீட்டுக்குப் போனேன். பின்கதவு திறந்து கிடந்தது.

உள்ளே ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. ஆனால் வெளியே இருந்ததைவிட அங்கே குளிர் அதிகம்.

யூனிட் தீரப்போகிறதென்று மீட்டர் கத்திக்கொண்டிருந்தது.

மாண்ட்லா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் முன்னால் நின்று, காசு கட்டி வாங்கிய ரசீதின் எண்களைத் தட்டினான். யூனிட் ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கியது.

“யாரோ இழுக்குறாங்க,” என்று கிசுகிசுத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

பக்கத்தில் பற்கள் தந்தியடிக்கும் சத்தம்.

அவன் வாய் மூடியிருந்தது. என் வாயும்தான்.

“பின்னறை சுவிட்சைப் போடு. நோமாலங்காவுக்குச் சேர வேண்டியதைக் குடுத்துடு,” என்றேன்.

அந்த நிலையிலும் அந்த ஈனப்பிறவி சுவிட்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். “என் கரண்ட்.”

அவன் கையை விலக்கப் போனேன்.

அதன்மேல் ஏற்கெனவே வேறு விரல்கள் இருந்தன.

ஓடிவிட்டேன்.

காலையில் ஹீட்டரை ஒட்டிக் கிடந்தானாம். கம்பளி பொசுங்கியிருந்தது. உடம்பு பனிக்கட்டியாய் விறைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் அழவில்லை. நானும் அழவில்லை.

வீட்டைப் பூட்டினார்கள். கம்பத்திலிருந்து வந்த வயரையும் அறுத்துவிட்டார்கள்.

போன வாரம் ஒருநாள் விடிந்த பிறகு என் பெட்டியை எடுக்கப் போனேன். தெரு முழுக்கத் தகரக் கூரைகளில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. பின்னறைக் கூரையில் மட்டும் அது உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.