தூசி படியாத துவக்கு

மூன்றாவது துவக்கில் தூசி இல்லை.

சிவகலா கதிரையின் மேல் ஏறி நின்று, கையில் துணியோடு அதையே பார்த்தாள். ஐந்து மாதமாகச் செவ்வாய்க்குச் செவ்வாய் பின்னேரம் இரண்டு மணிக்கு இந்த வீட்டுக்கு வந்து, ஐந்து மணிக்குத் திரும்புகிறவள் அவள். ஊஸ்டரில் இறங்கி, பஸ் எடுத்து, கடைசித் தரிப்பிடத்திலிருந்து மேட்டில் நடந்து ஏறவேண்டிய வீடு. ஒரு கிழமைக்குள் எந்தப் பொருளில் எவ்வளவு தூசி படியும் என்பது அவளுடைய விரல்களுக்குத் தெரியும்: பியானோ மூடியில் மெல்லிய சாம்பல்போல, சுவர் மணிக்கூட்டின் தலையில் கொஞ்சம் தடிப்பாக, சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொழுவியிருந்த எட்டுத் துவக்குகளின், பழைய ஆமித் துப்பாக்கிகளின், முதுகிலும் ஒரே அளவாக. இன்றைக்கு ஏழில் அப்படித்தான் இருந்தது. மேலிருந்து மூன்றாவதில் மட்டும் ஒன்றுமில்லை. மரம் மினுங்கியது. எண்ணெயின் பழைய மணத்துக்கு மேலே இன்னொரு மணம், சுவிஸ் தேசிய நாளான ஓகஸ்ட் முதலாந் திகதி வாணவேடிக்கை முடிந்தபிறகு பல்கனியில் தங்கி நிற்கும் அந்தக் கருகல் மணம், அவளுடைய மூக்குக்குள் ஏறியது.

“என்ன, ஃபிராவ் சிவா? சுவரைப் பார்க்கவா உங்களை வைத்திருக்கிறேன்?”

பின்னால், கணப்புக்குப் பக்கத்தில் ஹெர் எக்ளி இருந்தார். எண்பத்து மூன்று வயது. டொச் எனும் ஜெர்மன் மொழியில் கதைப்பார், அவளுக்கு விளங்கட்டும் என்று ஒரு சொல்லைக்கூட மெதுவாகச் சொன்னதில்லை. அவளுடைய பெயரில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியால் கூப்பிடுவார். அவள் துடைத்த யன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, அந்த விரலை அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார். அவள் தேத்தண்ணி குடிக்க, கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்றைத் தனியாக வைத்திருந்தார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டது ஒரு கடிதத்துக்காக. கணவன் செத்து ஆறு வருடமாகிறது. இங்கே நிரந்தரமாக இருக்கவிடுகிற சி பெர்மிட்டுக்குக் கொடுக்க, வேலை செய்கிற இடங்களிலிருந்து கடிதம் வேண்டும். ஷ்லீரன் சலவைத் தொழிற்சாலை கொடுத்துவிட்டது. எக்ளி மட்டும் “பார்ப்போம்” என்று இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் வந்தால் அவளும் மகள் யாதவியும் இந்த நாட்டில் பயமில்லாமல் மூச்சுவிடலாம்.

மூன்று கிழமைக்கு முன்தான் அவர் முதல் தடவையாக அவளோடு இருந்து கதைத்தார். துவக்குகளைப் பற்றி. அநேகமானவை செத்த மனிதர்களுடையவை. அவர்களுடைய வீடுகளுக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்தவை. முதலாவது அவருடைய சொந்தம். இரண்டாவது ஒரு சீஸ்காரனுடையது. “முப்பது வருடம், ஒருதடவைகூடக் குறி தப்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தான். அவ்வளவு பிரியம்.” நான்காவது ஒரு தபால்காரனுடையது. அவனை நம்பி யாரும் கொடுத்த ஒரே பொருள் அதுதானாம். அதற்காகவே அதை விரும்பினானாம். பிறகு ஒரு சின்னத் திருகாணிச் சாவியை எடுத்து, சீஸ்காரனுடைய துவக்கின் சோங்கை, தோளில் முட்டுக்கொடுக்கும் அந்த அடிக்கட்டையை, திருப்பிப் பிடித்தார். அதன் இரும்புத் தகட்டில் இரண்டு திருகாணிகள். தகட்டைக் கழற்றினால் உள்ளே மடித்த கடதாசித் துண்டு. அந்தக் காலத்தில் ஆமிக்காரன் தன் பெயரை எழுதி அங்கே ஒளித்துவைப்பானாம். சீஸ்காரனுடைய துண்டில் அவனுடைய பெயர் இருந்தது. அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், ரோசா என்று இன்னொரு பெயர்.

மனைவியாக்கும் என்று சிவகலா நினைத்தாள். கிழவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

“உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?” என்று அவர் கேட்டார்.

துவக்கை அவள் எப்போதும் வாய்ப்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். ஊரில், சோதனைச் சாவடிகளில். இங்கே வந்த புதிதில், ரயிலில் ஆமிப் பயிற்சிக்குப் போகிற ஒரு பொடியன் தொடைகளுக்கு நடுவே துவக்கை நிறுத்திவைத்து அப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். அவள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வேறு ரயில் வரும்வரை நின்றாள். அந்தப் பெட்டியில் வேறு ஒருவரும் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் பார்க்கமாட்டார்கள்.

ஆனாலும் கேட்ட மனிதனுக்குப் பதில் சொல்லவேண்டுமே. கடிதம் தரவேண்டிய மனிதன். மரத்தின் நிறம் வெளிறலாக இருந்த மூன்றாவதைக் காட்டி, அது அழகாக இருக்கிறது என்றாள்.

“அதற்கு இன்னும் ஆளில்லை” என்றார் எக்ளி. சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. “வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“மகள். யாதவி.”

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் வலது தோளில் அந்தக் கண்டல். உள்ளங்கை அகலம், நீலம். பாரமான கூட்டுமெஷினைத் தூக்கினதால் வந்தது என்று எண்ணெய் பூசிக்கொண்டாள். அடுத்த செவ்வாய்க்குப் பிறகும் வந்தது. அதற்கடுத்ததும்.

எக்ளியின் தலை மெல்ல நெஞ்சில் சரிந்தது. நித்திரை. வெளியே கிரைஃபன் ஏரியிலிருந்து எழும்பின பனிப்புகார் யன்னல்வரை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. மணிக்கூடு மூன்று அடித்தது. சிவகலா கையுறையைக் கழற்றினாள். மினுங்கின மரத்தில், விசைக்குப் பின்னால் பிடிக்கும் இடத்தில், எண்ணெயில் பதிந்த கை அடையாளம் ஒன்று தெரிந்தது. சின்னக் கை. கிழவனுடையது இல்லை. நாலு விரல். மோதிர விரலுக்கு நுனி இல்லை.

அவளுடைய வலது மோதிர விரலின் நுனியைச் சலவை மெஷின் எடுத்து நாலு வருடமாகிறது.

கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. மரம் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டு வைத்த சூடு.

கையை எடுத்தபோது யன்னல் இருட்டிவிட்டிருந்தது.

மணிக்கூடு நாலே முக்கால் காட்டியது. அவள் கதிரையில் நிற்கவில்லை. நிலத்தில், யன்னலைப் பார்த்தபடி நின்றாள். தோள் புதிதாக நொந்தது. முழங்காலில் ஈரமண்.

குசினிக்குள் ஓடிப்போய் ஞானேஸ்வரிக்குப் போன் அடித்தாள். முந்தி இங்கே வேலை செய்து, பிறகு இந்த வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவள் ஞானேஸ்வரிதான். இப்போது ஓர்லிகோனில் ஒரு கடையில் நிற்கிறாள்.

“அக்கா, இந்த மனுசன் உங்களிட்டையும் எந்தத் துவக்கு விருப்பம் எண்டு கேட்டவரோ?”

கடை இரைச்சலுக்குள் ஞானேஸ்வரியின் குரல் தணிந்தது.

“ஒவ்வொரு கிழமையும் கேட்டவர். நான் வாய் திறக்கேல்லை. நீ ஒண்டையும் காட்டேல்லைத்தானே?”

“மூண்டாவதைக் காட்டிப்போட்டன்.”

“ஐயோ. என்னடி செய்தனீ! உடனை வெளிய வா. விளக்குமாறு கிடந்த இடத்திலை கிடக்கட்டும்.”

“கடிதம் இன்னும் தரேல்லை அக்கா.”

“கடிதத்தைக் கொண்டுபோய் அடுப்பிலை போடு!”

“தெரிஞ்சுகொண்டோ என்னை இஞ்சை விட்டனீங்கள்?”

“வேறை ஒரு ஆளைக் கொண்டுவந்து தந்தாத்தான் விடுவன் எண்டு நிண்டவர், கலா. நான் என்ன செய்ய?” பிறகு, மெல்லமாக: “நீயெண்டாலும் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம்.”

ஞானேஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது யன்னல் விளிம்பில் அந்தத் திருகாணிச் சாவி இருந்தது. காலையில் துடைத்து வைத்ததுபோலச் சுத்தமாக. அவளுக்காகவே வைத்ததுபோல. போய்விடவேண்டும் என்று தெரிந்தும் அவள் அதை எடுத்தாள். மூன்றாவது துவக்கை இறக்கினாள். இரண்டு ஆணிகளும் விரலால் திருகக்கூடிய அளவுக்கு இளகியிருந்தன. தகடு விழுந்தது. உள்ளே கடதாசி.

தமிழில் எழுதியிருந்தது. ‘சி’யின் மேல்வளைவைப் பெரிதாகச் சுழிக்கிற, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவள் விடாத அந்தச் சுழி. சிவகலா. அதற்குக் கீழே, அதே கையெழுத்தில்.

யாதவி.

“எல்லோரும் பிரியமானவரின் பெயரைத்தான் எழுதுகிறார்கள்” என்று எக்ளி பின்னால் சொன்னார். நித்திரைக் குரல் இல்லை. “நான் மார்கிரித் என்று எழுதினேன். என் துவக்கு அவளைக் குறிபார்த்து நாற்பத்தொரு வருடமாகிறது.” பியானோவின் மேல் கறுப்பு நாடா கட்டின படத்தில் அவருடைய மனைவி இருந்தாள். அந்தச் சட்டத்தைச் சிவகலா செவ்வாய்க்குச் செவ்வாய் துடைத்திருக்கிறாள். “இன்றைக்கு வெள்ளெனப் போகலாம், சிவகலா.”

முழுப்பெயர். பிழையில்லாமல்.

அவர் ஒரு கடித உறையை நீட்டினார்.

துவக்கு நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது; கேட்டதாகத்தான் அவளுக்கு ஞாபகம். கோட்டை மாட்டியபடியே மேட்டால் இறங்கி ஓடினாள். பஸ்ஸில் இருந்து கைகளைப் பார்த்தாள். கடித உறை மட்டும். வேறொன்றுமில்லை. அழுதாள். ரயிலில் ஏறி, கதவோடு சாய்ந்து நின்றபோதுதான் கைப்பையின் வார் கண்டலை அழுத்துவது தெரிந்தது. வாரைக் கொஞ்சம் விலக்கினாள். பாரம். முதுகில் நீளமாக ஏதோ இடித்தது.

கைப்பை எக்ளியின் வாசல் கொழுக்கியில் தொங்குகிறது. அதை எடுக்காமல்தான் ஓடிவந்தாள்.

திரும்பிப் பார்க்கப் பயந்து, கதவுக் கண்ணாடியைப் பார்த்தாள். இருட்டுக் கண்ணாடிக்குள் அவளுடைய முகம். தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில், கறுப்பாக, வட்டமாக, குழல் வாய்.

பெட்டி நிறையச் சனம். யாரும் பார்க்கவில்லை. பாருங்கோ, என்னைப் பாருங்கோ, ஆரும் பொலிசுக்கு அடியுங்கோ என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான மனுசி முழங்காலை ஒதுக்கி இடம் விட்டாள்.

“பயிற்சிக்கா?” என்று அன்பாகக் கேட்டாள்.

சிவகலாவின் தலை ஆடியது. ஓம் என்று.

வீட்டுக்குப் போகக்கூடாது. ரயில் கடைசியாக எங்கே நிற்கிறதோ அங்கே போய் இறங்கவேண்டும். ஏரியில் எறியவேண்டும். வீடு இருக்கிற ஷ்லீரனில் கதவு திறந்தது. கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கால்கள் இறங்கின.

புகார். சைக்கிள் கொட்டகை. குப்பைத் தொட்டிகள்.

முழங்கால் மண்ணில் பதிந்தது. பழகின முழங்கால்.

இரண்டாம் மாடி. குசினி யன்னல். மஞ்சள் வெளிச்சம்.

பொக்கற்றில் போன் அடித்தது. ஒரு கை அதை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகியது.

“அம்மா, எங்க நிக்கிறீங்கள்? எவ்வளவு நேரமா அடிக்கிறன்! புட்டு ஆறுது.”

லைற்றை நிப்பாட்டு பிள்ளை. உள்ளுக்கு ஓடு. யன்னலடிக்கு வராதை. நெஞ்சுக்குள் கத்தினாள். நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

“கீழைதான் நிக்கிறன், குஞ்சு” என்றது அவளுடைய வாய். “யன்னலடிக்கு வா, பாப்பம்.”

திரை விலகியது.

கன்னத்தில் மரம். இளஞ்சூடு. நுனியில்லாத விரல் தன் இடத்தில். எங்கோ மிக அருகில், இரும்பு இரும்பில் பூட்டுகிற சத்தம்.

“இருட்டுக்குள்ளை தெரியேல்லை அம்மா. எங்க?”

குழலின் நுனியில் குறிபார்க்கும் சின்ன முள். முள்ளின்மேல் வெளிச்சம். வெளிச்சத்துக்குள் யாதவி, ஒரு கையில் போன், மற்றக் கையை உயர்த்தி, இருட்டைப் பார்த்து, சிரித்துச் சிரித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.